கலங்கரை விளக்கமும் வான்கடிகாரமும்

புதுவைக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய பழைய கலங்கரை விளக்கத்தை அந்நகர் கண்டார் யாவரும் அறிவர். 1836 ஆம் ஆண்டில் ஏற்றப்பெற்ற அவ்விளக்கு 1979 வரை மரக்கலங்களுக்குக் கரையைக் காட்டிற்று. ஆயினும், அதன் ஒளி எட்டாத நடுக்கடலில், ‘யாம் எங்குள்ளோம்?’ என்னும் வினாவிற்குக் கதிரவனும் விண்மீன்களுமே விடையளித்தன; மேகம் மூடின் அவ்விடையும் இல்லை. அக்குறை நீங்கிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுதும்.

1957 அக்டோபர் 4 ஆம் நாள் சோவியத்து நாட்டார் ஸ்புட்னிக் என்னும் செயற்கைக்கோளை விண்ணிற் செலுத்தினர். அமெரிக்க அறிஞராகிய கையரும் வைஃபென்பாக்கும் அதன் வானொலிக் குறியைச் செவிமடுத்தனர். அணுகும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்தும், அகலுங்கால் தாழ்ந்தும் ஒலித்தல் போல அக்குறியும் மாறக்கண்டு, கோள் செல்லும் வழியைக் கணித்தனர். 1958 இல் மக்லூர் என்பார் அதனையே திருப்பி வினவினார்: கோளின் வழி தெரியுமாயின் கேட்போன் இருக்கும் இடமும் தெரியுமன்றோ? இங்ஙனம் பிறந்த டிரான்சிட் முறை 1964 முதல் அமெரிக்கக் கடற்படைக்குப் பயன்பட்டது. 1978 இல் ஏவத்தொடங்கிய ஜி.பி.எஸ். கோள்கள் 1995 இல் நிறைவான பணி எய்தின.

இம்முறையின் உயிர்நிலை கடிகாரமே. கோள் தான் குறி விடுத்த நேரத்தை அறிவிக்கும். அது வந்துசேரக் கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கின் தொலைவு புலனாம். மூன்று கோள்கள் இடத்தைக் காட்ட, நான்காவது நம் கைக்கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்தும். ஒரு நொடியைப் பத்திலட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு பிழைப்பினும் தொலைவு 300 மீட்டர் பிழைக்கும். அணுக்கடிகாரம் வேண்டப்படுவது இதனாலேயே.

நம் நாட்டின் முறை நாவிக் எனப்படும். மாலுமியைக் குறிக்கும் ‘நாவிகன்’ என்னுஞ் சொல்லை அது நினைப்பூட்டும். அதன் முதற்கோள் 2013 சூலை 1 இல் ஸ்ரீஹரிக்கோட்டாவினின்று எழுந்தது. 2016 ஏப்ரலில் ஏழாவது கோளும் ஏவப்பெற்றது. ஆனால், அயல்நாட்டினின்று பெற்ற அணுக்கடிகாரங்கள் பழுதுற்றன. முதற்கோளின் மூன்றுமே நின்றன. கோள் வானில் இருந்தும் வழிகாட்டும் பணி இழந்தது. ஆதலின், 2023 மே 29 இல் ஏவிய கோளில் நம் நாட்டில் செய்த அணுக்கடிகாரம் ஒன்றும் வைக்கப்பெற்றது.

இஃது அறிஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வகுத்த இந்திய இலங்கைக் கடலெல்லைக்கு நீரின்மேற் கோடில்லை. காரைக்கால் மீனவர் இரவில் வலைவிரிக்குங்கால், எல்லையின் இப்புறமோ அப்புறமோ என்பதைக் கைக்கருவியின் எண்களே உணர்த்தும். அவ்வெண்களுக்குப் பின்னே வானிலோர் கடிகாரம் ஓடுகின்றது. விளக்கின் திரியைக் காத்தல் அன்று கரையிலுள்ளார் கடனாயிற்று. அக்கடிகாரத்தைச் செவ்வனே செய்து காத்தல் இன்று கற்றோர் கடனாம்.