காடு படிக்கக் கடல் கடந்து

மகள் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்கிறாள் என்று ஒருவர் கூறினால், கணினியா, மேலாண்மையா என்று உறவினர் வினவுவர். "காடு படிக்கப் போகிறாள்" என்று விடை வந்தால் சற்று நேரம் அமைதி நிலவும். அந்த அமைதிக்குள் இரண்டு ஐயங்கள் உள்ளன. நம் நாட்டில் இல்லாத காடா என்பது ஒன்று. கடன் பெற்றுப் படித்தால் திருப்பிச் செலுத்த இயலுமா என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமானவையே. அவற்றுக்கு விடை காண இக்கட்டுரையில் முயல்வோம்.

தீவான மலை

பனாமாக் கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே அணை எழுந்தபோது பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின. மூழ்காமல் எஞ்சிய ஒரு மலையின் மேற்பகுதியே பாரோ கொலராடோ தீவு. 1923-ஆம் ஆண்டு முதல் ஆய்வுக்கெனப் பாதுகாக்கப்பட்டுவரும் இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 15 சதுர கிலோமீட்டர். ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம் இதனை நிருவகித்து வருகிறது.

ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்னும் அறிஞர்கள் 1980-ஆம் ஆண்டு இங்கு 50 ஹெக்டேர் காட்டை அளந்து நிலையான ஆய்வுக் களம் ஒன்றை நிறுவினர். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள நாற்றிலிருந்து வானளாவிய மரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகடு உண்டு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், ஏறத்தாழ 300 இனங்கள். ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை அனைத்தும் மீண்டும் அளக்கப்படுகின்றன. எது வளர்ந்தது, எது மடிந்தது, எது புதிதாக முளைத்தது என்பதெல்லாம் பதிவாகின்றன.

இத்தனை இனங்கள் ஒரே காட்டில் எவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன? டேனியல் ஜான்சன் 1970-இலும் ஜோசப் கானல் 1971-இலும் தனித்தனியே ஒரு விளக்கம் அளித்தனர். தாய்மரத்தின் அடியில் விதைகள் மிகுதியாக விழுகின்றன. அம்மரத்தை நாடிவரும் பூச்சிகளும் பூஞ்சைகளும் அங்கேயே மிகுதி. ஆதலால் அருகில் விழுந்த கன்றுகள் மடிய, பறவையோ விலங்கோ தொலைவுக்குக் கொண்டுசென்ற விதை பிழைக்கிறது. தாய்மரத்தடியில் ஏற்படும் வெற்றிடத்தில் வேற்றின மரம் வளர்கிறது. இக்கருத்து மெய்யா என்பதை ஓரிரு ஆண்டு ஆய்வில் கண்டறிய இயலாது. ஐந்தாண்டுக் கணக்கெடுப்பின் அருமை அங்கேதான் விளங்குகிறது.

நீரால் சூழப்பட்டபின் இத்தீவிலிருந்து பல பறவையினங்கள் மறைந்துபோயின. பெருங்காட்டிலிருந்து துண்டிக்கப்பட்ட சிறுகாடு, வெட்டப்படாமலே வறுமையடையும் என்பதை அது காட்டிற்று. இங்கு பயிலும் மாணவர் வால்பாறைக்கு வந்தால், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாய் நிற்கும் மழைக்காடுகளையும் தீவுகளாகவே காண்பார். புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலையைக் கடக்க மரங்களுக்கிடையே பாலம் கட்டப்பட்டிருப்பதன் காரணமும் அவருக்கு எளிதில் விளங்கும்.

மரத்துக்கும் வருமானம் உண்டு

கோஸ்டா ரிக்காவின் லா செல்வா ஆய்வு நிலையம் இன்னொரு புகழ்பெற்ற களம். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பொழியும் காடு அது. பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி 1963-ஆம் ஆண்டு தொடங்கிய வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பு இதனை நடத்துகிறது. மாணவர் காலையில் களத்தில் அளந்து, மாலையில் கணினியில் ஆராய்ந்து, இரவில் சக மாணவர் முன் தம் முடிவை வாதிட்டு நிறுவ வேண்டும்.

அந்நாடு கற்பிக்கும் பாடம் காட்டுக்கு வெளியிலும் உண்டு. 1980-களில் நாட்டின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்த காடு, இன்று பாதிக்கும் மேல் பரவியுள்ளது. மேய்ச்சல் தொழிலின் ஆதாயம் குறைந்ததும் இதற்குக் காரணம். 1996-ஆம் ஆண்டின் வனச் சட்டமோ காட்டை மாற்றுவதற்குத் தடை விதித்ததோடு, தம் நிலத்தில் காட்டைக் காக்கும் உழவருக்குப் பணம் வழங்கவும் வழிவகுத்தது. எரிபொருள் வரியின் ஒரு பகுதி அதற்குச் செலவாகிறது. காடு காப்போருக்கும் பிழைப்பு வேண்டும் என்னும் உண்மையை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

முதல் படி நம்மூரில்

இனி, நம் நாட்டில் இல்லாத காடா என்னும் ஐயத்துக்கு வருவோம். பனாமாவைப் போன்றே 50 ஹெக்டேர் களம் ஒன்றை இந்திய அறிவியல் நிறுவனம் 1988-ஆம் ஆண்டு முதுமலையில் நிறுவியது. அங்கு மரங்களின் எண்ணிக்கையும் இனங்களும் மிகக் குறைவு. ஆனால் யானையும் காட்டுத்தீயும் அக்காட்டின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஒரே முறையில் அளக்கப்படுவதால் இரு காடுகளையும் ஒப்பிட முடிகிறது. வெளிநாடு செல்வதன் பயன் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

ஆகவே முதலில் இங்கு கால் பதித்தல் நன்று. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் அ.வ.அ. கல்லூரி, உதகை அரசு கலைக் கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவை வனவிலங்கு உயிரியல் கற்பிக்கும் இடங்கள். அட்டைக்கடியும் அடைமழையும் தமக்கு ஒத்துவருமா என்பதைக் கடன் பெறுமுன் அறிந்துகொள்ளலாம்.

கடன் கணக்கு

இத்துறையில் தொடக்க ஊதியம் மென்பொருள் துறையைப் போல் இராது. இதனை மறைக்காமல் பேசுவதே குடும்பத்துக்கு நல்லது. எடுத்துக்காட்டாக, 20 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளில் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ 21,500 ரூபாய். ஈராண்டுப் படிப்பும் அதன்பின் ஓராண்டும் வட்டியைச் செலுத்தாமல் விட்டால், முழுத்தொகையும் தொடக்கத்திலேயே பெறப்பட்டிருப்பின், தனிவட்டியாக 6 லட்சம் சேரும். தவணை ஏறத்தாழ 28,000 ரூபாயாக உயரும். படிக்கும் காலத்தில் பெற்றோர் வட்டியை மட்டுமேனும் செலுத்திவந்தால் இச்சுமையைத் தவிர்க்கலாம்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவையில்லை. அதற்கு மேற்பட்டால் வீடோ நிலமோ அடமானமாகக்கூடும். எனவே எராஸ்மஸ் முண்டஸ், காமன்வெல்த் ஆகிய உதவித்தொகைகளுக்கு முதலில் விண்ணப்பிப்பதே அறிவுடைமை. பட்டியல் வகுப்பினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர் முதலியோர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உள்ளது. எஞ்சிய தொகைக்கு மட்டும் கடனை நாடலாம். பழைய வருமான வரி முறையில் இருப்போர் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிக்கழிவு பெறலாம்.

சிறுசெலவுகளையும் பட்டியலிடுக: களப் பயணம், மருத்துவக் காப்பீடு, தடுப்பூசி. பனாமாவிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் அதனைப் போட்டுக்கொள்க. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் அத்தகைய மையங்களுள் ஒன்று.

வங்கிக் கிளைக்கு வருமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டு வாருங்கள். படிப்பில் எத்தனை மாதங்கள் களத்தில் கழியும்? களச் செலவு கட்டணத்தில் அடங்குமா? படிப்பு முடித்தோர் இன்று எங்கு பணியாற்றுகின்றனர்? மூன்றுக்கும் தெளிவான விடை இருப்பின், "காடு படிக்கப் போகிறாள்" என்று உறவினரிடம் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.