பேருந்தில் சீண்டினால் வண்டி காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்

கூட்டம் நெரியும் டவுன் பஸ்ஸில் ஒருவன் வேண்டுமென்றே வந்து உரசுகிறான். அந்தப் பெண் குரல் கொடுக்கிறாள். "தள்ளி நில்லுப்பா" என்று சொல்லிவிட்டு டிக்கெட் போடப் போய்விட்டால் நடத்துநரின் கடமை முடிந்துவிடாது. பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது தமிழ்நாட்டுச் சட்டம். இதைத் தெரிந்து வைத்திருந்தால், பாதி வழியில் இறங்கி அழுதுகொண்டே வீட்டுக்கு நடக்கத் தேவையிருக்காது.

சட்டம் வந்த கதை

1998 ஜூலையில், சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஆண்கள் கும்பலின் சீண்டலால் படுகாயமடைந்து உயிரிழந்தார். மாநிலமே கொதித்தது. அந்த மாதமே அவசரச் சட்டம் பிறந்தது; அதுவே ஈவ் டீசிங் தடைச் சட்டம் ஆனது. 2002-இல் திருத்தப்பட்டு, பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் என்று பெயரும் மாறியது.

1998-க்கு முன்பும் ஆபாசச் செயல், பொது இடத்தில் ஒழுங்கீனம் என்று தண்டனைப் பிரிவுகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை ஊராரின் முகச்சுளிப்பையே பெரிதாகப் பார்த்தன. புதிய சட்டம் அந்தப் பெண்ணைப் பார்த்தது. ஓர் ஆணின் அநாகரிக நடத்தை அவளுக்கு அச்சத்தையோ அவமானத்தையோ கூச்சத்தையோ தருமானால் அது குற்றம். சாலை, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், கல்வி நிலையம், கோயில், தியேட்டர், பூங்கா, கடற்கரை, திருவிழா என எங்கே நடந்தாலும் குற்றமே. கோயில், தியேட்டர், கல்லூரி போன்ற இடங்களின் பொறுப்பாளர்கள் அதைத் தடுக்க முயல வேண்டும், காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். "எங்கள் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைப்பதற்கு இடமில்லை.

தென்காசி பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் காவலர் ஒருவரே தவறாக நடந்துகொண்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 நவம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு, புகார் வந்ததும் வண்டியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் கடமையை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. தவறும் வாகனத்தின் பெர்மிட்டை ரத்து செய்யலாம் என்றும் சொன்னது.

2025 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் மீண்டும் இச்சட்டத்தைத் திருத்தியது. செல்போன், சமூக ஊடகம் வழியாகத் தரும் தொல்லையும் இப்போது இதில் அடக்கம். மூன்றாண்டு வரை என்றிருந்த சிறைத் தண்டனை ஐந்தாண்டு வரை உயர்ந்திருக்கிறது. மறுபடியும் அதே குற்றம் செய்தால் தண்டனை இன்னும் கடுமை. தொல்லை தருபவன் அந்தப் பெண்ணை நெருங்காதபடி பாதுகாப்பு உத்தரவும் பெறலாம்.

என்ன செய்யலாம்?

* ஆபத்து நேரத்தில் 112-ஐ அழையுங்கள். பெண்கள் உதவி மையம் 181. இணையத் தொல்லை என்றால் 1930. 'காவல் உதவி' செயலியையும் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள்.
* சாட்சியம் முக்கியம். பஸ் எண், வழித்தடம், நேரம், டிக்கெட், பக்கத்தில் இருந்தவரின் போன் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபாசச் செய்தி வந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.
* "இது எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் புகார் தரலாம். ஆன்லைனில் தந்தால் மூன்று நாளுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.
* வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். அங்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.

எது குற்றமல்ல?

இந்தச் சட்டங்களைத் தங்கள் கைத்தடியாக்கிக்கொள்ளும் கலாச்சாரக் காவலர்களும் உண்டு. வயது வந்த இருவர் பூங்காவில் சேர்ந்து உட்கார்ந்திருப்பது ஆபாசம் ஆகாது. பொது இடத்தில் ஆபாசச் செயல் என்று வழக்குப் போட, பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவுப்படி செயலும் ஆபாசமாக இருக்க வேண்டும், பிறருக்கு அது தொல்லையாகவும் இருக்க வேண்டும். திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவது குற்றமல்ல என்று கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர்களை மறித்து வீடியோ எடுக்கவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ எவருக்கும் அதிகாரமில்லை. அப்படிச் செய்பவர்கள் மீதே வழக்குப் பாயும்.

பெண்ணின் உடையும் அவள் வெளியே போன நேரமும் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் விசாரணைக்கு உட்பட்டவை அல்ல. அது கேட்பது ஒன்றைத்தான்: அந்த ஆண் என்ன செய்தான்?

சட்டம் எழுத்தில் இருந்தால் போதாது. அடுத்த முறை பஸ்ஸில் ஒரு பெண் குரல் எழுப்பினால், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். "வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று அவளோடு சேர்ந்து நீங்களும் சொல்லுங்கள்.