ஜிம்மி பரலோகத்துக்குப் போகுமா?

செத்துப்போன நாயைத் தோட்டத்து மூலையில் புதைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வரும் அப்பாவிடம் பிள்ளை கேட்கிற கேள்வி இது. "அப்பா, ஜிம்மி இப்போ பரலோகத்துல இருக்குமா?" கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் பரலோகம் என்பதற்குப் பதில் மோட்சம் என்று வரும். மற்றபடி கேள்வி ஒன்றுதான்.

பாட்டி இறந்தபோது, "பாட்டி இயேசப்பாகிட்ட போயிட்டாங்க" என்று நாம்தான் சொல்லியிருப்போம். குழந்தையின் கணக்கில் ஜிம்மியும் அதே வீட்டு ஆள். "நாய்க்கெல்லாம் ஆத்துமா கிடையாதும்மா" என்று சட்டென்று முடித்துவிடும் பெரியவர்கள் உண்டு. "ஆமா, அங்க போய் ஜாலியா விளையாடிட்டு இருக்கும்" என்று கண்ணைத் துடைத்துவிடுபவர்களும் உண்டு. இரண்டு பதிலுமே பைபிள் சொல்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிடுகின்றன.

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதிலை உலகம் எவ்வளவு ஆசையோடு எதிர்பார்க்கிறது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2014 டிசம்பரில், 'நாயைப் பறிகொடுத்த ஒரு சிறுவனிடம், விலங்குகளுக்கும் சொர்க்கத்தில் இடமுண்டு என்று போப் பிரான்சிஸ் ஆறுதல் சொன்னார்' என்று ஒரு செய்தி பரவியது. நியூயார்க் டைம்ஸே வெளியிட்டது. விலங்கு நல அமைப்புகள் கொண்டாடின. ஆனால், அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை! நவம்பர் 26 அன்று வத்திக்கானில் நடந்த பொதுச் சந்திப்பில், படைப்பு முழுவதும் புதிதாக்கப்படும் என்று பிரான்சிஸ் பேசியிருந்தார். அதை ஓர் இத்தாலிய நாளிதழ் விலங்குகளோடு முடிச்சுப் போட்டது. பல வருடங்களுக்கு முன்பு போப் ஆறாம் பவுல் ஒரு சிறுவனிடம் சொன்னதாக வழங்கிவந்த ஆறுதல் வார்த்தையையும் சேர்த்துக்கொண்டது. கடல் தாண்டிப் போவதற்குள் சிறுவன், நாய், போப் எல்லாம் ஒரே காட்சியாகிவிட்டது. நியூயார்க் டைம்ஸ் பிறகு திருத்தம் வெளியிட்டது. ஆனால், திருத்தத்தை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

வாட்ஸ்அப்பில் வருகிற 'வானவில் பாலம்' கதையும் இதே ரகம்தான். இறந்த செல்லங்கள் ஒரு பச்சைப் புல்வெளியில் நமக்காகக் காத்திருக்கும் என்கிற அந்தக் கதையைப் பைபிளில் இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதை 1959-ல் எழுதியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எட்னா கிளைன் என்ற 19 வயதுப் பெண். மேஜர் என்ற தன் லாப்ரடார் நாய் இறந்த துக்கத்தில் எழுதினார்.

சரி, பைபிளில் என்னதான் இருக்கிறது?

ஆத்துமாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆதியாகமம் 2-ம் அதிகாரத்தில், கடவுள் ஜீவசுவாசத்தை ஊதியதும் மனிதன் 'ஜீவாத்துமா' ஆனான் என்று நம் பழைய தமிழ் பைபிளில் படிக்கிறோம். அதற்கு ஓர் அதிகாரம் முன்னால், கடலிலும் நிலத்திலும் உருவானவை 'ஜீவஜந்துக்கள்'. ஒன்று ஆத்துமா, மற்றது ஜந்து. ஆனால், மூலமொழியான எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே சொல்தான்: 'நெஃபெஷ் ஹய்யா', அதாவது உயிருள்ள ஒன்று. மொழிபெயர்ப்பில்தான் அது இரண்டாகப் பிரிந்தது. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்பது வேறு; அந்தச் சிறப்பைப் பைபிள் மனிதனுக்கு மட்டும்தான் தருகிறது. ஆனால், 'மனிதனுக்கு உயிர்மூச்சு உண்டு, நாய்க்குக் கிடையாது' என்று ஆதியாகமம் சொல்லவில்லை.

பிரசங்கி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். மனிதனுக்கும் மிருகத்துக்கும் மூச்சு ஒன்றுதான், இரண்டும் மண்ணுக்குத்தான் திரும்புகின்றன என்கிறார் 3-ம் அதிகாரத்தில். மனிதனின் ஆவி மேலே போகிறதா, மிருகத்தின் ஆவி கீழே போகிறதா, யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார். இந்த வசனத்தை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதுதான் வேடிக்கை. அவர் சொன்னது 'தெரியாது' என்பது மட்டுமே. இன்னொன்று, வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் 'நாய்கள் வெளியே' என்று வருவதைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அங்கே நாய் என்பது மனிதர்களைத் திட்டும் வசைச்சொல். நம் ஊரிலும் அப்படித் திட்டுவதுண்டே!

'விலங்குகளின் ஆன்மா உடலோடு அழிந்துவிடும்' என்ற உறுதியான பதில் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் 13-ம் நூற்றாண்டின் புனித தாமஸ் அக்குவினாஸிடமிருந்து. விலங்குகளுக்கும் ஆன்மா உண்டு என்றுதான் அவரும் சொன்னார். ஆனால், பார்ப்பது, கேட்பது, பசிப்பது என அதன் வேலை எல்லாம் உடலைச் சார்ந்தவை. சிந்திக்கும் ஆற்றலுள்ள மனித ஆன்மாதான் உடல் இல்லாமலும் நிலைக்கும். இந்தத் தர்க்கத்தின் அஸ்திவாரம் அரிஸ்டாட்டில். மோசேயையும் பவுலையும்விட கிரேக்கத் தத்துவத்தின் கைதான் இதில் ஓங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, குதிரை முதுகிலேயே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தவர். (1947-ல் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தவற்றில் மெத்தடிஸ்ட் சபையும் ஒன்று. ஆகவே, இவர் நம்மூர் சி.எஸ்.ஐ. குடும்பங்களுக்கும் தாத்தா முறைதான்.) 1781-ல் வெளிவந்த ஒரு பிரசங்கத்தில் அவர் எடுத்துக்கொண்டது ரோமர் 8-ம் அதிகாரம். படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது, அழிவின் அடிமைத்தனத்திலிருந்து அதுவும் விடுவிக்கப்படும் என்று பவுல் எழுதிய பகுதி. வெஸ்லியின் கேள்வி நேரானது. பாவம் செய்தது மனிதன். சாட்டையடி வாங்குவது குதிரை. ஒரு பாவமும் அறியாத அந்த ஜீவன்களுக்கு நீதியுள்ள கடவுள் ஈடு செய்யமாட்டாரா? அவை மீட்கப்படும்போது முன்பைவிட மேன்மையாகவும் இருக்கலாம் என்று துணிந்து சொன்னார் அவர். இதையெல்லாம் யோசிப்பதால் என்ன லாபம் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது: கடவுள் அக்கறை காட்டும் உயிர்களிடம் நாமும் இரக்கமாக இருப்போம்.

சி.எஸ். லூயிஸ் 1940-ல் வேறு வழியில் யோசித்தார். வீட்டு நாய் தன் எஜமானோடு பழகிப் பழகித்தான் ஒரு 'ஆளாக' மாறுகிறது. அப்படியானால் எஜமானின் மறுவாழ்வோடு சேர்ந்து அதற்கும் வாழ்வு கிடைக்கலாம் என்றார். அப்படியென்றால் தெருநாய் என்ன பாவம் செய்தது? இங்கேதான் லூயிஸ் எனக்கு இடிக்கிறார். கொசுவுக்கும் சொர்க்கமா என்று கேட்டவர்களிடம், கொசுக்களின் சொர்க்கமும் மனிதர்களின் நரகமும் ஒரே இடமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கிண்டலடித்தவரும் அவர்தான்.

உண்மையில் குழப்பம் நம் கேள்வியிலேயே இருக்கிறது. உடலை விட்டு ஆத்துமா மேலே பறந்துபோகிற இடம் என்று பரலோகத்தை நினைத்துக்கொண்டு, அங்கே நாய்க்கு டிக்கெட் உண்டா என்று கேட்கிறோம். கிறிஸ்தவத்தின் கடைசி நம்பிக்கை அதோடு நிற்கவில்லை. உடலின் உயிர்ப்பு, புதிய வானம், புதிய பூமி என்று போகிறது. புதிய பூமி என்றால் அது காலியாகவா இருக்கும்? ஏசாயா கண்ட சமாதான ராஜ்யத்தில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து இருக்கின்றன. வெள்ளத்துக்குப் பிறகு கடவுள் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டுமல்ல, பேழையிலிருந்து இறங்கிய மிருகங்களோடும்தான். போப் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய சுற்றுமடலிலும், நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் உருமாறி ஒளியோடு தன் இடத்தைப் பெறும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால், புதிய பூமியில் விலங்குகள் இருக்கும் என்பதும், அதில் நம்ம ஜிம்மியே இருக்கும் என்பதும் வேறு வேறு. முதலாவதற்கு வசனங்கள் கை கொடுக்கின்றன. இரண்டாவதைப் பற்றிப் பைபிள் வாய் திறக்கவில்லை; கத்தோலிக்கத் திருச்சபை விசுவாசக் கோட்பாடாக எதையும் அறிவிக்கவும் இல்லை.

வழிபாட்டில் மட்டும் விலங்குகளுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாள். நம் கிராமங்களில் பொங்கலை ஒட்டியே வருவதால், கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகளை ஆலயத்துக்கு ஓட்டிவருவார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அசிசி பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4-ஐ ஒட்டி, வெளிநாடுகளில் நாய், பூனை, கிளி என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் சபை 2012-ல் ஒரு படி மேலே போய், செல்லப்பிராணி இறந்தால் சொல்வதற்கான ஜெபங்களுக்கே ஒப்புதல் தந்தது.

அப்படியானால் பிள்ளைக்கு என்ன பதில்? லூக்கா 12-ம் அதிகாரத்தில் இயேசு குருவிகளைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள். மத்தேயுவில் விலை ஒரு காசுக்கு இரண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்தாவது குருவி கொசுறு! அந்தக் கொசுறுக் குருவியைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்கிறார். "ஜிம்மி எங்க இருக்குன்னு அப்பாவுக்கு நிச்சயமா தெரியலம்மா. ஆனா, கடவுள் அதை மறக்கலை. அது மட்டும் தெரியும்" என்று தயங்காமல் சொல்லலாம். அதில் பொய் எதுவும் இல்லை.

அநேகமாகக் குழந்தை அதை ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். "அப்போ அதோட பெல்ட்டையும் சாப்பாட்டுத் தட்டையும் எடுத்து வச்சுக்கலாமா?"