கோழிக் கொட்டகைக்கு விசிறி: வாங்கும் முன் சோதித்துப் பார்க்க

சித்திரை, வைகாசி வெயிலில் கறிக்கோழிக் கொட்டகையைக் காப்பது காற்றோட்டமே. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய் திறந்து மூச்சு வாங்கியும், உடலின் மேல் வீசும் காற்றினாலும்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்கிறது. விசிறி போதிய காற்றை இழுக்காவிட்டால், விற்பனைக்குத் தயாரான கோழிகள்தான் முதலில் சாகும். ஆகவே பெரிய விசிறிகளின் திறன் எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நலம்.

பட்டியல் கணக்கும் பண்ணைக் கணக்கும்

விற்பனைப் பட்டியலில் 'நிமிடத்துக்கு 20,000 கன அடி' என்று போட்டிருக்கும். பெரும்பாலும் இது தடையேதும் இல்லாத திறந்த வெளியில் கிடைக்கும் அளவு. கொட்டகையிலோ ஈரத்தட்டி, வலை, மடிப்புக் கதவு ஆகியவை காற்றைத் தடுக்கின்றன. இந்தத் தடையை 'நிலை அழுத்தம்' என்பர். அழுத்தம் கூடக்கூட விசிறி தள்ளும் காற்று குறையும்.

உதாரணமாக, 20 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள கொட்டகையின் குறுக்குப் பரப்பு 160 சதுர அடி. காற்று நிமிடத்துக்கு 500 அடி வேகத்தில் ஓட 80,000 கன அடி தேவை. பட்டியலை நம்பி 4 விசிறி போட்டு, ஒவ்வொன்றும் உள்ளபடி 15,000 கன அடியே தந்தால், வேகம் 375 அடியாக இறங்கிவிடும். கால் பங்கு காற்று இல்லாமலே கோடையைக் கடத்த நேரும்.

ஆய்வுக்கூடத்தில் சோதனை

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பட்ட, அடையாறை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் விசிறி, கம்ப்ரசர் போன்றவற்றை ஆராயும் டர்போ எந்திர ஆய்வுக்கூடம் உள்ளது. இத்தகைய கூடங்களில் விசிறியை நீண்ட குழாயிலோ அறையிலோ பொருத்தி, மறுமுனையைச் சிறிது சிறிதாக அடைத்துத் தடையைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் காற்றின் அளவு, நிலை அழுத்தம், சுழற்சி வேகம், மின்சாரச் செலவு ஆகிய நான்கும் குறிக்கப்படும். இவற்றை வரைந்தால் வரும் கோடுதான் அந்த விசிறியின் உண்மையான சாதகம்.

40 டிகிரி வெப்பத்தில் உள்ள காற்று, 20 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 6 சதவிகிதம் எடை குறைந்தது. எனவே முடிவுகளைக் குறிப்பிட்ட ஒரே காற்று அடர்த்திக்கு மாற்றிய பிறகே விசிறிகளை ஒப்பிடுவார்கள்.

சோதனை முறைகளை இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது. அச்சு ஓட்ட விசிறிக்கு ஐ.எஸ். 3588, மையவிலக்கு விசிறிக்கு ஐ.எஸ். 4894. தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் உள்ளது.

பண்ணையிலேயே சோதிக்கலாம்

1. காற்று வேகமானி ஒன்று போதும். எல்லா விசிறிகளையும் ஓடவிட்டு, கொட்டகையின் குறுக்கே கீழ், நடு, மேல் என்று பல இடங்களில் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி காண வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் அளந்தால் கணக்குப் பிசகும்.

3. சராசரி வேகத்தைக் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் மொத்தக் காற்று தெரியும். அதை விசிறிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டினால் போதாதா?

கப்பியை மாற்றி வேகத்தைக் கூட்டுவோர் உண்டு. வேகம் 10 சதவிகிதம் கூடினால் காற்றும் 10 சதவிகிதமே கூடும். மின்தேவையோ சுமார் 33 சதவிகிதம் ஏறும், மோட்டார் புகைந்துவிடலாம். மாறாக, குளிர்ந்த வேளையில் வேகத்தை 20 சதவிகிதம் குறைத்தால் மின்தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

* நிலை அழுத்தம் 25 பாஸ்கலில் (சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீர் உயரம்) எத்தனை கன அடி?
* எந்தத் தர எண்படி சோதித்தது? சோதனை அறிக்கை உண்டா?
* ஒரு வாட்டுக்கு எத்தனை கன அடி?

மூன்றாவது கேள்வி பணத்தைக் காக்கும். 20,000 கன அடிக்கு ஒரு விசிறி 1,000 வாட்டும், மற்றொன்று 1,250 வாட்டும் இழுக்கலாம். நான்கு விசிறிகள் தினம் 12 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் நாளொன்றுக்கு 12 யூனிட். மாதத்துக்கு 360 யூனிட். விலை மலிவு என்று வாங்கியது மின்கட்டணத்தில் தின்றுவிடும்.

பராமரிப்பு

நல்ல விசிறியும் கவனிப்பின்றிக் கெடும். மடிப்புக் கதவிலும் இறக்கையிலும் படியும் தூசு காற்றை வெகுவாகக் குறைக்கும். பெல்ட் தளர்ந்தால் வேகம் இறங்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வாரம் ஒரு முறை தூசு துடைத்து, பெல்ட்டின் இழுவையைப் பார்க்க வேண்டும். மாசி மாதத்திலேயே ஒரு முறை காற்றை அளந்து எழுதி வைத்தால், கோடை வரும் முன் குறையைச் சரிசெய்து கோழிகளைக் காப்பாற்றலாம்.