நீக்கப்பட்ட பயிற்றுநருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் காற்பந்து பயிற்றுநர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கியது. அதற்காக அவருக்குக் கொடுக்க வேண்டி வந்த தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல். ஒப்பந்தம் 2031 வரை இருந்ததுதான் காரணம். (அங்கே காற்பந்து என்றால் நாம் ஆடுவது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.)

தொகையைவிட என்னை வியக்க வைத்தது அந்த ஒப்பந்தத்தில் இருந்த ஏற்பாடுதான். நீக்கப்பட்ட பிறகு ஃபிஷர் வேறு வேலை தேட வேண்டியதில்லை. வேறு வேலை கிடைத்தாலும், பழைய பல்கலைக்கழகம் தர வேண்டியதில் ஒரு காசும் குறையாது.

நான் மலாக்காவில் சட்டம் படிக்கிறேன். நாங்கள் படிப்பது இதற்கு நேர்மாறானது. ஒப்பந்தத்தை ஒருவர் முறித்தால், மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டு முழு நஷ்டத்தையும் கேட்க முடியாது. தன் இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. கல்யாணத்துக்குக் கூடாரம் வாடகைக்கு எடுத்துவிட்டு நீங்கள் ரத்து செய்கிறீர்கள். அதே கூடாரத்தை அதே நாளில் கடைக்காரர் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறார். அப்புறம் உங்களிடம் முழு வாடகை கேட்டால் எப்படி? வேலை ஒப்பந்தத்துக்கும் அதே கணக்குதான். ஃபிஷரின் வழக்கறிஞர் இந்தக் கடமையையே ஒப்பந்தத்தில் இல்லாமல் செய்துவிட்டார். கெட்டிக்காரர்.

எல்லாப் பயிற்றுநருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஆர்கன்சா பல்கலைக்கழகம் 2017-இல் பிரெட் பியலெமாவை நீக்கியது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக்கு நிதி திரட்டும் ரேசர்பேக் அறவாரியம், அவருக்கு ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் டாலரைத் தவணை முறையில் தர ஒப்புக்கொண்டது. ஆனால் நிபந்தனை உண்டு: அவர் தொடர்ந்து வேலை தேட வேண்டும், கிடைக்கும் சம்பளத்துக்கு ஏற்பத் தவணை குறையும். அவர் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் குழுவில் சேர்ந்தார். அங்கே வேண்டுமென்றே குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டார் என்று சொல்லி அறவாரியம் 2019-இல் பணத்தை நிறுத்தியது. அவர் 2020-இல் வழக்குப் போட்டார். 2021-இல் சமரசத்தில் முடிந்தது. யார் சொன்னது சரி என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நிலை வரவே இல்லை. எனக்கு அதில் சற்று ஏமாற்றம்தான்.

‘வேலை தேடு’ என்றால் எந்த வேலையையும் ஏற்க வேண்டுமா? இதற்குப் புகழ்பெற்ற பதில் ஒரு நடிகையின் வழக்கில் இருக்கிறது. ஷெர்லி மக்லேனுக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர் சம்பளத்தில் ஓர் இசைப் படத்தில் நடிக்க ஒப்பந்தம். நிறுவனம் அந்தப் படத்தைக் கைவிட்டுவிட்டு, அதே சம்பளத்துக்கு ஒரு கௌபாய் படத்தைக் கொடுத்தது. அவர் மறுத்தார். அது வேறு வகையான, தரம் குறைந்த வேலை, அதை மறுத்ததற்காகப் பணத்தைக் குறைக்க முடியாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1970-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் மாமா. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத் திடலில் ஆடி, பயிற்றுநர் சான்றிதழ் வாங்கியவர். ஒரு காற்பந்து மன்றத்தில் இளையோர் அணிக்குப் பயிற்சி கொடுக்க ஈராண்டு ஒப்பந்தம். ஒன்பதாவது மாதம், மூன்று ஆட்டம் தோற்ற பிறகு, “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பிறகு ஒரு கடிதத்தைக் கொடுத்து, “ரெண்டு தரப்பும் பேசிப் பிரிஞ்சதா எழுதியிருக்கு, கையெழுத்துப் போடுங்க, ஒரு மாசச் சம்பளம் தர்றோம்” என்றார்கள். இதற்கிடையில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர் வேலைக்கும் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “அந்த வேலைக்குப் போனா கேஸ் போயிடுமா?” என்று என்னிடம் கேட்டார்.

வெளிநாட்டுப் பயிற்றுநராக இருந்தால் பதில் சுலபம். 2021 ஜனவரி முதல் பயிற்றுநர்களுக்கென்றே ஃபீஃபா விதிகள் உள்ளன. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவருக்கு ஒப்பந்தத்தில் மீதமுள்ள காலத்தின் சம்பளம் சேர வேண்டும். அதே காலத்தில் அவர் புதிய இடத்தில் பெறும் சம்பளம் அதிலிருந்து கழிக்கப்படும். சம்பள பாக்கியால் ஒப்பந்தம் முறிந்தால் கூடுதலாக மூன்று மாதச் சம்பளமும் உண்டு. ஆனால் தீர்ப்பு ஒன்று, பணம் கைக்கு வருவது வேறு. நம் மலாக்கா யுனைடெட் குழுவே சம்பள பாக்கிப் பிரச்சினையால் 2023 பருவத்துக்கு உரிமம் பெற முடியாமல் மலேசிய லீக்கிலிருந்து வெளியேறியது. ஹங் ஜெபாட் அரங்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர்களில் நானும் ஒருவன். அன்று ஆட்டக்காரர்களின் பெயர்தான் எங்கள் வாயில் வந்தது. அவர்களுக்குச் சம்பளம் போனதா என்று நாங்கள் கேட்டதில்லை.

உள்ளூர்க்காரரான மாமாவுக்கு வழி தொழிலியல் நீதிமன்றம். 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ், நீக்கப்பட்ட 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீக்கம் தவறு என்று தீர்ப்பானால் பின்சம்பளம் கிடைக்கும். உச்சவரம்பு 24 மாதம். இடையில் வேறு வேலையில் சம்பாதித்திருந்தால், அதில் ஒரு விழுக்காட்டை நீதிமன்றம் முடிவு செய்து கழிக்கும். இந்த வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று டாக்டர் ஜேம்ஸ் ஆல்பிரட் வழக்கில் 2001-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. பிறகு அது சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஆகவே பாதுகாவலர் வேலைக்குப் போனால் மாமாவின் தொகை குறையலாம், வழக்கு போகாது.

வழக்கைவிட அவசரமானது அந்தக் கடிதம். 2018-இல் தொடங்கிய வேலை காப்புறுதித் திட்டத்தை சொக்சோ நடத்துகிறது. வேலை இழந்தவருக்கு, அவர் செலுத்திய சந்தாவைப் பொறுத்து, 3 முதல் 6 மாதம் வரை வேலை தேடும் படித்தொகை உண்டு: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30. பியலெமாவுக்கு இருந்த அதே நிபந்தனை இங்கேயும் உண்டு. வேலை தேடியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆனால் வேலை சீக்கிரம் கிடைத்தால் தண்டனை இல்லை, பரிசு உண்டு. மீதமுள்ள படித்தொகையில் 25 விழுக்காட்டைக் கொடுத்துவிடுவார்கள். 2,000 வெள்ளி சம்பளக்காரர், ஆறு மாதத் தகுதி உள்ளவர், முதல் மாதப் படி வாங்கியதும் வேலை கிடைத்துவிட்டது என்றால், மீதி 3,800 வெள்ளியில் ஏறக்குறைய 950 வெள்ளி அவருக்கு. ஃபிஷர் ஒப்பந்தத்தைவிட இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பது என் கருத்து.

தானாக ராஜினாமா செய்தவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கும், எந்த நிபந்தனையும் இல்லாமல் ‘பேசிப் பிரிந்தவருக்கும்’ இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. அந்த ஒரு கையெழுத்தில் மாமா எத்தனை மாதப் பணத்தை விட்டுக்கொடுக்க இருந்தார் என்று பாருங்கள். விளையாட்டுப் பக்கங்களில் ‘பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்தார்’ என்று படிக்கும்போதெல்லாம் இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. இன்னொன்று: ‘அலவன்ஸ்’ என்ற பெயரில் சந்தா பிடிக்காமல் பணம் வாங்கும் பகுதி நேரப் பயிற்றுநர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். டியூஷன் சென்டரிலும் கஃபேயிலும் பகுதி நேரம் வேலை செய்யும் மாணவர்களே, உங்கள் சம்பளச் சீட்டில் சொக்சோ என்ற வரி இருக்கிறதா?

தோட்டத்தில் இந்தக் கேள்வி பழையது. பெரியப்பா பால் வெட்டிய தோட்டம் கைமாறியபோது வீட்டில் பேசிய பேச்சு இப்போதுதான் எனக்குப் புரிகிறது. 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபது ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம். மறுநாளே வேறு வேலை கிடைத்தாலும் இது குறையாது. ஆனால் தோட்டத்தை வாங்கிய புதிய முதலாளி ஏழு நாளுக்குள், பழையதற்குக் குறையாத சலுகைகளோடு வேலை தர முன்வந்து, பாட்டாளி நியாயமான காரணமின்றி மறுத்தால் ஒன்றும் கிடையாது. எது நியாயமான காரணம் என்பதில்தான் சண்டையே. மக்லேனுக்குக் கௌபாய் படம். நம்மவர்களுக்கு ரப்பர் காட்டை அழித்த பிறகு செம்பனைக் குலை வெட்டும் வேலை.

மாமா கையெழுத்துப் போடவில்லை. வாட்ஸ்அப் செய்தியைத் தேதியோடு அச்செடுத்து, ஒப்பந்தம், ஒன்பது மாதச் சம்பளச் சீட்டுகளோடு ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம். சொக்சோ படித்தொகைக்கும் 60 நாள்தான் கெடு. இன்று 41-ஆவது நாள். பாதுகாவலர் வேலையை ஏற்றுக்கொண்டார், இரவு ஷிப்ட். மாலையில் தோட்டத் திடலில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அதற்குச் சம்பளம் இல்லை, எனவே கழிக்கவும் ஒன்றுமில்லை.