பால் பவுடரும் காலி பாட்டிலும்

குழந்தை வயதுக்கேற்ற உயரமில்லை என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஒழுங்கா சாப்பிடறானா?" கேட்க வேண்டிய கேள்விதான். "அவனோட யாராவது விளையாடறீங்களா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1980களின் நடுவில் தொடங்கிய ஓர் ஆய்வு இரண்டையும் சேர்த்தே கேட்டது.

வாரம் ஒரு மணி நேரம்

சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 9 முதல் 24 மாத வயதுள்ள, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் 1 கிலோ பால் பவுடர். இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீடு தேடி வரும் சுகாதாரப் பணிப்பெண். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன, நான்காவதுக்கு இரண்டுமே இல்லை. 2 ஆண்டுகள் இப்படியே நடந்தது.

வந்தவர்கள் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். அவர்கள் பையில் கடைப் பொம்மை ஒன்றுகூடக் கிடையாது. காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டை, துணி இவற்றால் செய்த விளையாட்டுச் சாமான்களும் எளிய படப் புத்தகங்களும்தான் இருந்தன. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தவும் அவர்கள் வரவில்லை. தாயை விளையாட வைத்தார்கள். குழந்தை எதையாவது செய்து முடித்தால் பாராட்டச் சொன்னார்கள். தாய் செய்ததையும் பாராட்டினார்கள். பொம்மையை அங்கேயே விட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள்.

தாயை ஏன் பிடித்தார்கள் என்பது எளிய கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். வருகிறவர் இருப்பது அதில் ஒன்று.

22 வயதில் தெரிந்தது

2 ஆண்டு முடிவில் பாலும் பலன் தந்தது, விளையாட்டும் தந்தது. இரண்டும் பெற்றவர்கள் இன்னும் முன்னால் இருந்தார்கள். பள்ளிக்குப் போகும் வயதில் பார்த்தபோது பாலால் வந்த அறிவு வளர்ச்சி ஏறக்குறைய கரைந்திருந்தது. விளையாட்டால் வந்தது நின்றது. 17 வயதில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் மேலாக இருந்தது, மனப்பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. 22 வயதில் 105 பேரைத் தேடிப்பிடித்துக் கணக்கெடுத்தார்கள். வீட்டு வருகை பெற்றவர்களின் வருமானம் சுமார் 25 சதவீதம் கூடுதல் என்று 2014-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது.

அதற்காகப் பாலை நிறுத்திவிட வேண்டாம். விளையாட்டு உயரத்தைக் கூட்டவில்லை. அதற்குச் சாப்பாடுதான் வேண்டும்.

எல்லா ஊரிலும் இல்லை

129 என்பது சின்ன எண்ணிக்கை. அந்த 25 சதவீதத்தை அப்படியே எல்லா நாட்டுக்கும் தூக்கிக்கொண்டு போவது சரியல்ல என்பது என் எண்ணம். கொலம்பியாவில் 1,420 குழந்தைகளிடம் இதே முறையை 18 மாதம் செய்துபார்த்தார்கள். அறிவு வளர்ச்சி கூடியது. 2 ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் காணவில்லை. இங்கிலாந்தில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 1,645 இளவயதுத் தாய்மாரை வைத்து, நர்ஸ்களே வீட்டுக்குப் போகும் திட்டம் ஒன்றைச் சோதித்தார்கள். புகைபிடிப்பது குறையவில்லை, குழந்தையின் பிறப்பு எடையும் கூடவில்லை. அங்கே ஒவ்வொரு தாய்க்கும் அரசுச் சுகாதார ஊழியரின் கவனிப்பு முன்பே உண்டு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வருபவரிடம் கேளுங்கள்

இந்தியாவில் 2018-ல் தொடங்கிய திட்டப்படி 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வர வேண்டும். எடை, தடுப்பூசி, இணை உணவு எல்லாம் விசாரிப்பார். குழந்தையோடு பேசுவது, விளையாடுவது பற்றிச் சொல்வதும் அவர் வேலையில் அடக்கம். கிங்ஸ்டனில் சுமார் 100 வருகை, இங்கே ஐந்து. ஆகவே அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், "இந்த வயசுக்கு என்ன விளையாட்டுக் காட்டலாம்?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அப்பாவும் பாட்டியும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

காலி பாட்டிலில் நாலு கூழாங்கல் போட்டால் கிலுகிலுப்பை தயார். மூடியை மட்டும் பசை போட்டு இறுக்கி ஒட்டிவிடுங்கள். கழன்றால் கல் நேராக வாய்க்குத்தான் போகும்.