கூரை வளையைத் துளைக்கும் கருவண்டு

கல்முனைப் பக்கம் போயிருந்தோம். நம் தோட்டத்துத் தம்பி ஒருவர் அங்கே கடையொன்றில் வேலை செய்கிறார். அவர் தங்கியிருக்கும் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பெரிய கறுப்பு வண்டு ஒன்று "ங்ஙொய்" என்று வந்து எங்கள் முகத்துக்கு நேரே நின்றது. தம்பி கோப்பையைப் போட்டுவிட்டு வீதிக்கே ஓடிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி, தாயாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிள்ளை அவர். வீட்டுக்கார உம்மம்மா மட்டும் அசையவில்லை. "அது ஒண்டும் செய்யாது மனே, வந்து இரி" என்றார்.

உம்மம்மா சொன்னது சரிதான். நம் லயங்களிலும் இந்த வண்டைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், குளவி என்று நினைத்து அடிக்கிறார்கள். எனவே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

குளவியும் மலைத்தேனீயும் கூட்டமாக வாழ்பவை. கூட்டைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து வரும். கருவண்டு அப்படியல்ல. பெண் வண்டு ஒன்று தனக்கென்று ஒரு துளை போட்டு அதில் இருக்கும், அவ்வளவுதான். முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது! பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. ஆனால் கையில் பிடித்து நசுக்கினாலோ துளைக்குள் விரலை விட்டாலோதான் கொட்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். எது கொட்டினாலும், முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த வீட்டு வளையை ஏறிப் பார்த்தோம். தச்சர் துறப்பணம் வைத்துப் போட்டதுபோல வட்டமான துளை, சுண்டுவிரல் நுழையும் அளவு. கீழே புதிய மரத்தூள் கொட்டிக் கிடந்தது. இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. கறையான்தான் தின்னும், கருவண்டு குடைந்து தூளை வெளியே தள்ளிவிடும். ஓர் அங்குலம் குடைய ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். முதலில் நேராக உள்ளே போய், பிறகு மரத்தின் நார் ஓடும் பக்கமாகத் திரும்பிக் குடையும். அந்தச் சுரங்கத்துக்குள் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டையாக்கி, அதில் ஒரு முட்டை இட்டு, மரத்தூளால் தடுப்புப் போடும். பிறகு அடுத்த உருண்டை, அடுத்த முட்டை, அடுத்த தடுப்பு. நம் லயத்துக் காம்பராக்கள் மாதிரி வரிசையாக இருக்கும்.

ஒரு துளையால் வீடு விழாது. ஆனால் பழைய துளையையே அடுத்த தலைமுறையும் எடுத்து இன்னும் நீளமாகக் குடையும். பல வருடம் கவனிக்காமல் விட்டால் மெல்லிய கைமரம் உள்ளே வெறுமையாகிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையில் எத்தனையோ வீடுகள் அழிந்தன. மறுபடி வீடு கட்டியவர்களுக்குக் கூரையில் ஒரு துளையைக் கண்டாலும் மனம் பதறத்தானே செய்யும்?

அந்தப் பதற்றத்தில்தான் ஆபத்தும் வருகிறது. பக்கத்து வளவில் ஒருவர் துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்புக் காட்டியிருக்கிறார். கிடுகு வேய்ந்த குசினி பற்றிக்கொண்டது. அயலவர் ஓடிவந்து அணைத்ததால் வீடு தப்பியது, அவருடைய கைதான் வெந்தது. வண்டு எப்போதோ பறந்துவிட்டதாம்! நம் ஆட்கள் சிலர் வேறொன்று செய்கிறார்கள். தேயிலைக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சம் போத்தலில் எடுத்து வந்து துளையில் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரே காம்பராவில் சமைத்து, சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்க வைக்கிறோம். அந்த மருந்து வீட்டுக்குள் வரவே கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? துளை இப்போதுதான் தொடங்கி, ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால், பகலில் வண்டு வெளியே போன நேரம் பார்த்து மரக்குச்சியைச் சீவி இறுக்கி அடித்துவிடலாம். ஆழமான துளையை அப்படி அடைக்காதீர்கள். உள்ளே இருப்பது வேறு பக்கமாகக் குடைந்து வரும், ஒரு துளை இரண்டாகும். முட்டை வண்டாக ஒன்றரை மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். எனவே இரண்டு மாதம் பொறுத்து, காகிதத் துண்டை உருட்டித் துளை வாயில் லேசாக வையுங்கள். உள்ளே வண்டு இருந்தால் தள்ளிவிடும். நாலைந்து நாள் அப்படியே கிடந்தால் துளை காலி என்று எடுத்துக்கொண்டு, குச்சி அடித்து, புட்டி பூசி, மேலே பெயின்ட் அடியுங்கள்.

பெயின்ட்தான் முக்கியம். கருவண்டுக்குப் பூச்சில்லாத, வெயிலிலும் மழையிலும் வெளிறிய மரம்தான் பிடிக்கும். எண்ணெய் பெயின்ட் அடித்த பலகையை அது அவ்வளவாகத் தொடாது. வளையின் வெட்டுமுனையையும் அடிப்பக்கத்தையும் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். வண்டு அங்கேதான் வரும். ஒரு சின்ன டின் வாங்கினால் அந்த இடங்களுக்குப் போதும்.

உம்மம்மா ஏன் அடிக்கவில்லை என்று கேட்டோம். வேலியில் படர்ந்திருந்த கொடித்தோடையைக் காட்டினார். "இது வராட்டி அது காய்க்காது." உண்மைதான். கொடித்தோடைப் பூவுக்குச் சின்னத் தேனீயின் உடம்பு எட்டாது. கருவண்டின் முதுகுதான் மகரந்தத்தில் சரியாக உரசும். பிரேசில் நாட்டுத் தோட்டங்களில் இந்த வண்டு குறைந்த இடங்களில் ஆட்களை வைத்துக் கையாலேயே மகரந்தம் தடவுகிறார்கள். முருங்கை, கத்தரி, தக்காளிப் பூக்களுக்கும் இது வரும். அந்த வளவின் கோடியில், மழை படாத இடத்தில், காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டி வைத்திருந்தார் உம்மம்மா. ஒரு பக்கம் கணு, மறுபக்கம் திறந்த வாய். நாங்கள் நின்ற நேரத்திலேயே வண்டு ஒன்று கால் நிறைய மஞ்சள் தூளோடு அதற்குள் நுழைந்தது. தம்பி கிட்டப் போய்ப் பார்த்தார், ஆனால் கையைப் பின்னால்தான் கட்டிக்கொண்டிருந்தார்.